மதியம் இரண்டு மணிக்கு வரும் காலை விறைப்பு

நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று சுத்தத் தவறு. அதைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். மூட்டு நோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், "நீங்க ஜெயிச்ச கேஸ் ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று கேட்டீர்கள். இதுவும் ஜெயித்த கேஸ்தான். ஆனால் முதலில் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, அதைக் கழுவிக்கொண்டு, அப்புறம் ஜெயித்தது.

மருந்து விஷயம் எதுவும் சொல்ல மாட்டேன். எங்களிடம் இருந்தது ஆஸ்பிரின், தங்க ஊசி, சூடான மெழுகில் கையை முக்கி எடுப்பது, அவ்வளவுதான். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் ஊசிகளை நாங்கள் கனவிலும் கண்டதில்லை. உங்களுக்கு நான் மருந்து சொல்லிக்கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். நான் சொல்லப்போவது கேள்வி கேட்பதைப் பற்றி.

எழுபதுகளின் பின்பாதி. புதுச்சேரியில் அப்போது மில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் டீக்கடைக்காரர் அடுப்பைத் தூண்டுவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடும். எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.க்கும் சங்குக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி சுமாருக்கு ஏழுமலை என்பவர் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கருவடிக்குப்பத்திலிருந்து மில்லுக்கு சைக்கிளில் போய் வருபவர். நூல் நூற்கும் இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே, அறுகிற இழையை எல்லாம் பிடித்து முடிச்சுப் போடும் வேலை. கையில் மில் கொடுத்த கடிதம் இருந்தது. இந்தத் தொழிலாளி விரல், மணிக்கட்டு, முட்டி, பாதம் என்று எல்லா மூட்டிலும் வலி என்கிறார், உட்கார்ந்து செய்யும் வேலை கேட்கிறார், உண்மையில் நோய் இருக்கிறதா என்று பரிசோதித்து எழுதவும் என்றது கடிதம்.

நான் பார்த்தேன். விரல் கணுக்கள் லேசாகப் பருத்திருந்தன. இருபது வருடம் உழைத்த கை, பருக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். மணிக்கட்டில் தர்காவில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு ஒன்று தளர்வாகத் தொங்கியது.

"கயிறு கட்டியாச்சு இல்ல, அப்புறம் எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு பாடப் புத்தகக் கேள்வி. "காலையில கை விறைப்பா இருக்குமா? மடக்க நீட்ட முடியாம?"

"காலையில ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. காலையில நல்லாத்தான் இருக்கு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. அரை மணி, ஒரு மணி நேரம்?"

"இல்லீங்க. காலையில கை லேசா இருக்கும்."

உங்களுக்கும் தெரியும், முடக்குவாதத்தில் மூட்டு அழற்சியை நாம் முதலில் மோப்பம் பிடிப்பது இந்தக் கேள்வியில்தான். ஓய்வில் இருந்த மூட்டு காலையில் இறுகிக் கிடக்கும், வேலை செய்யச் செய்ய இளகும். இவருக்கு அது இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அழற்சி இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர். அளவு மட்டும் கொஞ்சம் கூடுதல். இந்த ஊரில் யாருக்குத்தான் கூடுதலாக இல்லை என்று அதையும் தள்ளினேன். வெளியே எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். மூட்டு அழற்சி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுபது பேர் நின்றார்கள் என்பதைச் சாக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் நிற்பார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண்மணி தன் வலது கையைக் காட்ட வந்தார். அஞ்சலை என்று பெயர். கட்டைவிரல் ஓரமாக மணிக்கட்டில் வலி, பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. பார்த்தாலே தெரிந்தது, ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து தசைநார் புண்ணாகிப்போன கை.

"என்ன வேலம்மா செய்யறீங்க?"

"வீட்டு வேலதாங்க. அதோட ஒரு ஆளத் தூக்கி உக்கார வெச்சி, சட்ட பட்டன் போட்டு, கைலி கட்டி விட்டு, சோறு பெசஞ்சி ஊட்டி..."

"யாருக்கு? மாமனாருக்கா?"

"வூட்டுக்காரருக்குங்க."

"படுத்த படுக்கையா?"

"இல்லீங்க, மில்லுக்கு வேலைக்குப் போறாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. கைலி கட்டிக்கொள்ளத் தெரியாத ஆள் மில்லில் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நைட் ஷிப்ட்டுங்க. விடிஞ்சி வந்து படுத்தார்னா மத்தியானம் ரெண்டு மணிக்குதான் எழுந்திருப்பாரு. எழுந்தா கை ரெண்டும் கட்ட மாதிரி கெடக்கும். ஒரு டம்ளர் பிடிக்க முடியாது. கால தரையில வெக்க முடியாது. மந்திரிச்ச கயிறு கூட அந்த நேரத்துல சதையில பதிஞ்சி தடம் விழுந்துடும். அஞ்சு மணி ஆனா கொஞ்சம் கொஞ்சமா சரியாவும். ராத்திரி வேலைக்கிக் கெளம்பறப்ப பாத்தா கயிறு லொடலொடன்னு தொங்கும். அதனாலதான் அவரே கேட்டு நைட் ஷிப்ட் வாங்கிக்கினாரு. எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுன்னு சொன்னேன். பொம்பள டாக்டர்கிட்ட போயி கைலி கட்ட முடியலன்னு எப்பிடிடி சொல்றதுன்னாரு."

குரலை ஏற்றாமல் சொன்னார்: "நீங்கதான ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க."

இவர் ஏழுமலையின் மனைவி என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நான் காலையைப் பற்றிக் கேட்டேன், அவர் காலையைப் பற்றிச் சொன்னார். ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் வேலை செய்து இளகிய கையோடு, தூங்காமல் நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் அவர். ஒரு நாளின் மிக நல்ல நேரத்தில் அவருடைய மூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று எழுதிவிட்டேன். அந்த மில்லில் ராத்திரியில் நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தினமும் சங்கு கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. என் சான்றிதழை வைத்து, நோய் இருப்பதாக நடித்து நிர்வாகத்தை ஏமாற்றப் பார்த்தார் என்று மில் அவருக்குக் குற்றச்சாட்டு கொடுத்திருந்தது. பத்து நாளில் விசாரணை. நிரூபணமானால் வேலை போய்விடும். நோய்க்காரன் எவனாவது நைட் ஷிப்ட் கேட்டு வாங்குவானா என்பது அவர்களுடைய வாதம். அதோடு, விடியற்காலையில் அவர் விரல்கள் எவ்வளவு வேகமாக முடிச்சுப் போடுகின்றன என்று மேஸ்திரி வேறு சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கருவடிக்குப்பம் போனேன். ஏழுமலை அப்போதுதான் எழுந்து பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கேட்டு வாங்கித் தொட்டேன். பத்து விரல் கணுக்களும் சூடாக, பிசைந்த மாவு போல மெத்தென்று வீங்கியிருந்தன. மணிக்கட்டில் கயிறு இறுகிப் பதிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கிண்டல் செய்த அதே கயிறு.

"என்னால வந்த வினை இது. நானே சரி பண்றேன்" என்றேன். "மில்லுலேருந்து டாக்டரை ரெண்டு மணிக்கு வந்து பாக்கச் சொல்றேன்."

"அதெல்லாம் வேணாங்க. வேல போனா போவுது. நாலு பேர் முன்னாடி கைலி கட்ட முடியாம நிக்க மாட்டேன்."

"கைலி விஷயமே பேச மாட்டேன். உங்க விரல மட்டும் காட்டினா போதும்."

"விரல் மடங்கலன்னா நடிக்கிறேன்னுதான சொல்லுவாங்க."

அவர் சொன்னது நியாயம். நடிக்க முடியாத ஒரு சாட்சி வேண்டும். அது எது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். ரிக்‌ஷா ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் கறுப்புக் கயிறேதான்.

அதற்கு முன்னால் ஒரு தடை இருந்தது. எங்கள் பெரிய டாக்டர். பிரான்சில் படித்துவிட்டு வந்தவர், கை சுத்தம், வாய் சுத்தம், ஆனால் காகிதத்துக்குப் பயப்படுவார். விஷயத்தைச் சொன்னதும் "தூஸ்மான், தூஸ்மான்" என்றார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குத் தானாக வருகிற வார்த்தை.

"சான்றிதழைத் தப்புன்னு எழுதாதீங்க மேடம். மேற்கொண்டு பரிசோதனை தேவைன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு நாம எழுதற எந்தக் காகிதத்தையும் மில்லுல மதிக்க மாட்டாங்க."

"மேற்கொண்டு பரிசோதனைன்னு எழுதினா விசாரணைல அவரைத் தூக்கிடுவாங்க சார். அப்புறம் பரிசோதனை யாருக்கு?"

"உங்க பேரு கெட்டுப்போகும்."

"கெடட்டும் சார்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. உள்ளே நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். பெண் டாக்டர் என்றாலே ஒரு மாற்றுக் குறைவாகப் பார்த்த காலம். இப்போது நானே என் குறையை எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வரும்போது நடுக்கம் வந்தால் பயப்படாதீர்கள். நடுங்குகிற கையாலும் கையெழுத்துப் போட முடியும்.

என் முந்தைய சான்றிதழ் தவறு, அவரைத் தவறான நேரத்தில் பரிசோதித்தேன், விசாரணைக்கு முன் மில் டாக்டரும் லேபர் ஆபீசரும் மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து நேரில் பார்க்க வேண்டும், வரும்போது மில்லில் நூற்ற நூல் ஒரு கண்டு கொண்டுவர வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். நூல் எதற்கு என்று சொல்லவில்லை.

நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாத வழி ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் ஏழுமலை சம்மதித்து, அன்றைக்கு ஷிப்ட் முடிந்து நேராக வந்து எங்கள் வார்டில் படுத்தார். மில் ஒரு வாட்ச்மேனைக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தது. இவர் கையில் எதையாவது தடவி வீங்க வைத்துக்கொள்வாரோ என்று காவலாம். காவல் இருந்தவர் பதினோரு மணிக்கெல்லாம் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். நல்லவேளை, எங்கள் நர்ஸ் ஒருவர் அந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மில் டாக்டர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். கூடவே இஸ்திரி மடிப்புக் கலையாத லேபர் ஆபீசர். ஏழுமலையை எழுப்பினோம். இழையை முடிச்சுப் போடச் சொன்னார் லேபர் ஆபீசர். விரல்கள் நூலைத் தடவின, பிடிக்க முடியவில்லை. நூல் மூன்று முறை கீழே விழுந்தது.

"இதை யார் வேணா செய்யலாமே மேடம்" என்றார் லேபர் ஆபீசர்.

"செய்யலாம்" என்றேன். "டாக்டர், நீங்களே ஒரு வேலை பண்ணுங்க. அந்த நூலை நாலு இழையா முறுக்கி, இவர் விரலோட நடுக் கணுவுல சுத்தி, நகராத மாதிரி முடிச்சுப் போடுங்க. என் கை படவே வேணாம்."

கிழவர் என்னை ஒரு நொடி பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பொறுமையாகக் கட்டினார். எட்டு விரலுக்கு எட்டு வளையம். கட்டி முடித்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நீயும் கையக் குடு."

"எனக்கு எதுக்கு சார்?"

"நூல் தானாத் தளர்ந்துச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, அதுக்கு."

இது எனக்குத் தோன்றாத விஷயம். எதிர்க்கட்சியில் இருந்தாலும் நேர்மையான மூளை உள்ளவர் ஒருவர் இருந்தால் அதுவே பாதி பலம். மில் ஆள்தானே என்று அவரைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் யாரும் ஏழுமலையை விட்டு நகரவில்லை. டீ வந்தது. ஏழுமலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரை அணைத்துக் குடித்தார். லேபர் ஆபீசர் அதைக் கவனித்தார். நான்கு மணிக்கு ஏழுமலை எழுந்து வராண்டாவில் மெதுவாக நடந்தார். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குப் பார்த்து இளகாமல் போனால்? வீக்கம் வடியாமல் போனால்? பரீட்சைக்குக்கூட நான் அப்படி வியர்த்ததில்லை.

ஐந்து அடித்தது. லேபர் ஆபீசர் இரண்டு அறுந்த இழையை நீட்டினார். ஏழுமலையின் விரல்கள் எப்போது அதைத் தொட்டன, எப்போது விட்டன என்றே தெரியவில்லை. முடிச்சு விழுந்திருந்தது.

"பாத்தீங்களா? இப்ப முடியுது" என்றார் லேபர் ஆபீசர், ஏதோ பிடித்துவிட்ட மாதிரி.

மில் டாக்டர் கையை நீட்டினார். ஏழுமலையின் ஆள்காட்டி விரலில் இருந்த வளையத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கணுவைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எட்டில் ஆறு அப்படியே கழன்று வந்தன. மீதி இரண்டும் விரலில் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு வாட்ச்மேன் விரலில் இருந்ததை இழுத்தார். அது அசையவில்லை. வாட்ச்மேன் "அய்யோ சார், வலிக்குது" என்று அலற, நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்.

கிழவர் ஆறு வளையங்களையும் லேபர் ஆபீசரின் உள்ளங்கையில் வைத்தார்.

"விரல் நடிக்கும் தம்பி. விரலோட பருமன் நடிக்குமா?"

லேபர் ஆபீசர் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "அப்ப, மொதல்ல நீங்க குடுத்த சான்றிதழ்?" என்றார்.

"அது தப்பு. தப்புன்னு எழுதிட்டேன். வேணும்னா விசாரணைல வந்தும் சொல்றேன்."

வர வேண்டிய தேவை இருக்கவில்லை. விசாரணையே நடக்கவில்லை. குற்றச்சாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து நூல் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். மில் டாக்டரே எழுதிய பரிந்துரை அது. எங்கள் பெரிய டாக்டர் பயந்ததற்கு நேர்மாறாக, அதற்குப் பிறகு என் கையெழுத்தோடு போன காகிதம் எதையும் அந்த மில் மறுகேள்வி கேட்டதே இல்லை. தப்பு என்று ஒரு தடவை எழுதியவள் சரி என்று எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும் என்று கிழவர் சொன்னாராம். அதைக் கேட்ட அன்று வீட்டுக்குப் போய் நானே எனக்குப் பாயசம் வைத்துச் சாப்பிட்டேன்.

இதற்குப் பிறகு நான் "காலையில" என்ற கேள்வியைக் கேட்பதை விட்டேன். முதலில் "எப்ப தூங்கறீங்க, எப்ப எழுந்திருக்கீங்க" என்று கேட்பேன். அப்புறம் "எழுந்த உடனே என்ன செய்ய முடியல?" என்பேன். கேள்வியை மாற்றியதும் ஆட்கள் வரிசையாக அகப்பட்டார்கள். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர் ஒருவர், அவருக்கு விடிவது ராத்திரி பத்து மணிக்கு. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிப்ட் பார்த்த ஒருவர். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நைட் டூட்டி நர்ஸ் ஒருவர், நான் தினமும் வணக்கம் சொல்லிக் கடந்து போனவர். எழுந்ததும் தலை பின்ன முடியவில்லை என்று ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பட்டன், சடை, சோற்று உருண்டை. இவைதான் அழற்சியின் அளவுகோல். வெட்கம் இருக்கிற இடத்தில்தான் நோய் ஒளிந்துகொண்டிருக்கும். நீங்கள் கேட்காமல் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஏழுமலைக்கு வாரா வாரம் தங்க ஊசி போட்டோம். தங்கம் கலந்த மருந்து என்று சொன்னபோது அஞ்சலை, "எங்கழுத்துல ஒரு குந்துமணி கெடையாது, இவருக்கு ஊசியிலயே தங்கமா" என்றார். ஒவ்வொரு தடவையும் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுத்தான் ஊசி. அது வேலை காட்ட மாதக்கணக்காகும். முதல் மூன்று மாதம் ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாமா என்று அவரே கேட்டார். பொறுத்தது பொறுத்தீர்கள், இன்னும் கொஞ்சம் என்றேன். எனக்கும் சந்தேகம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, அஞ்சலை தனியாக ஓ.பி.க்கு வந்தார். சீட்டை நீட்டினார். அவருடைய கை வலிக்காக நான் எழுதிக்கொடுத்திருந்த பழைய சீட்டு.

"இன்னும் வலிக்குதா? கையக் காட்டுங்க" என்றேன்.

"இல்லீங்க டாக்டரம்மா. வலி போயிடுச்சி, அதச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் குடுத்த மாத்திரையிலயா?"

"மாத்திரைய ரெண்டு நாளுதான் போட்டேன்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இப்பல்லாம் எழுந்ததும் கைலிய அவரே கட்டிக்கிறாருங்க."